எட்டாவது ஆள்

1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் இருந்தால் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர் முன்வந்துவிடுவார்கள். மீதி நாலு பேரை நண்பர்களிலும் உறவினர்களிலும் தேடிக் கையெழுத்து வாங்கிவிடலாம். எட்டாவது ஆள்தான் கடினம். பதவி இல்லை, மேடை இல்லை, மாலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் லோக்கல் ரயில் அலைச்சலையும் பொருட்படுத்தாமல் வெறும் உறுப்பினராக வந்து உட்காரும் அந்த மனிதர் எதற்காக வருகிறார்? மும்பையில் தமிழர் தொடங்கிய சங்கங்களில் எது நின்றது, எது பெயர்ப்பலகையோடு போனது என்று பார்த்தால், விடை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தாராவிக்கு முதலில் வந்த தமிழர்கள் தோல் பதனிட வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களுமாக வந்து, நகரம் ஒதுக்கித் தள்ளிய சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். தாராவியின் முதல் மசூதியான படி மஸ்ஜித் 1887இல் எழுந்தது. அங்குள்ள பழைய பிள்ளையார் கோயில் 1913இல் வந்தது. 1924இல் தமிழ்ப் பள்ளி. தாராவியின் முதல் பள்ளியும் பம்பாயின் முதல் தமிழ்ப் பள்ளியும் அதுவே. தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் இடம், பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற வரிசையில்தான் அந்த மக்கள் ஒன்றுகூடினார்கள். கூடிப் பேச ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணம் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது.

உண்மையில் அவர்களுடைய முதல் சங்கம் கோலிதான். தாராவியில் யாரும் அறை என்று சொல்வதில்லை. கோலி என்றுதான் சொல்வார்கள். ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாடகையைப் பங்கிட்டு ஒரு கோலியில் இருப்பார்கள். இரவு வேலைக்குப் போனவர் காலையில் திரும்பும்போது பகல் வேலைக்காரரின் பாய் அவருக்குக் கிடைக்கும். ஊரிலிருந்து புதிதாக ஒரு பையன் ரயிலேறி வந்தால் அவன் இறங்குமிடமும் அதே கோலிதான். கொங்கணத்து மில் தொழிலாளர்கள் கிராமஸ்த மண்டல்களை வைத்திருந்ததும், கோவாவிலிருந்து கப்பல் வேலைக்கு வந்தவர்கள் தோபி தலாவ் பக்கத்தில் ஊருக்கு ஒரு பொது விடுதி வைத்திருந்ததும் இதே காரணத்தால்தான். பம்பாய்க்கு வந்த எந்தக் கூட்டமும் முதலில் கேட்டது தலை சாய்க்க ஓர் இடம்.

அந்தக் கோலிகளிலிருந்துதான் ஊர்ச் சங்கங்கள் பிறந்தன. அங்கே உறுப்பினரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அம்மன் கோயில் கொடைக்கு ஊரில் தலைக்கட்டு வரி போடும்போது பம்பாய்க்காரர்களுக்கும் வரி உண்டு. அதை வசூலிக்க ஒரு நோட்டு, நோட்டை வைத்துக்கொள்ள எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர், பணம் சேர்ந்ததைச் சொல்ல மாதத்தில் ஒரு ஞாயிறு. இவ்வளவும் கூடியபோது சங்கமும் இருந்தது. அந்த நோட்டுக்காரரே ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வார், பதில் எழுதுவார், மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுப்பார். யாராவது இறந்துவிட்டால் அடக்கச் செலவுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு கோலி கோலியாகப் போவார். அந்த மாதம் வரி கொடுக்காதவர்கூட அன்றைக்குக் கொடுத்துவிடுவார். தன் சாவுக்கும் இந்த நோட்டுதான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

திராவிட இயக்கம் தாராவிக்குள் நுழைந்தபோதும் இதே வழியில்தான் வேரூன்றியது என்று நினைக்கிறேன். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். பெரிய தலைவர்களின் சந்திப்பு வரலாற்றில் பதிவாகிவிடுகிறது. சந்துக்குள் நடந்தது பதிவாவதில்லை. சந்துக்குள் நடந்தது படிப்பகம். ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, இரண்டு மூன்று நாள் தாமதமாக வரும் ஊர்ப் பத்திரிகை. ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். எழுத்தறியாத தொழிலாளிக்கு அந்தப் பெஞ்சில் இடம் கிடைத்தது பெரிய மரியாதை. படித்த செய்தியின்மேல் வாக்குவாதம் எழும். வாக்குவாதத்திலிருந்து பேச்சாளர்கள் எழுந்தார்கள். கொள்கையை ஒப்புக்கொண்டு உள்ளே வந்தவர்களைவிட, பத்திரிகை கேட்க வந்து கொள்கைக்காரர் ஆனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

மாட்டுங்காவின் கதை வேறு. பிளேக் நோய்க்குப் பிறகு 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு மனை பிரித்தது. அகலமான சாலைகளும் மூன்று மாடிக் கட்டடங்களும் வந்த அந்தப் பகுதிக்குத் தஞ்சாவூர், பாலக்காடு பக்கங்களிலிருந்து இங்கிலீஷும் டைப்பிங்கும் கற்ற இளைஞர்கள் வந்தார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதுபவர் தேவைப்படவில்லை. அவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது, பஜனை வேண்டியிருந்தது, கல்யாணமாகிக் குடும்பம் வந்த பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியிருந்தது. 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி அந்த மூன்றாவது தேவையிலிருந்து வந்தது. தாய்மொழியைக் காப்போம் என்று கூட்டம் போட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ! அடுத்த ஜூன் மாதம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கவலை பெற்றோரை உறுப்பினர்களாக்கியது. இன்று அந்தச் சொசைட்டியின் கல்லூரிகளில் படிப்பவர்களில் தமிழர் அல்லாதவர்களே ஏராளம்.

சோற்றுக்கு மெஸ் இருந்தது. மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே 1942இல் ஏ. ராமா நாயக் தொடங்கிய உடுப்பி கிருஷ்ண போர்டிங் இன்றும் வாழையிலையில் சாப்பாடு போடுகிறது. இப்படிப்பட்ட மெஸ்களில்தான் யார் வீட்டில் பஜனை, எந்தச் சபாவில் யார் கச்சேரி, எந்தக் கம்பெனியில் ஸ்டெனோ வேலை காலி என்ற சேதிகள் இலைக்கு இலை நகர்ந்தன. கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வந்தவர்களைச் சபா உறுப்பினர் ஆக்கிக்கொண்டது. 1952இல் அமைந்த ஸ்ரீ சண்முகானந்தா சபா, பதினோராண்டில், 1963இல், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் நாட்டின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்றைக் கட்டித் திறந்தது. 1990இல் தீ விபத்தால் மூடப்பட்டு 1998இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த அரங்கில் இன்று 2,763 இருக்கைகள். குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் சேர்ந்து இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் போக முடியாது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். இரண்டும் தமிழ் பேசிய பகுதிகள். ஆனாலும் சபா உறுப்பினரும் ஊர்ச் சங்கத்து நோட்டுக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்தது மிக அரிது. சாதியும் வர்க்கமும் நடுவில் ரயில் தண்டவாளத்தைவிட உறுதியாகக் கிடந்தன. 1966 ஜூனில் சிவசேனா தொடங்கப்பட்டு, தென்னிந்தியர்களை முதல் இலக்காக வைத்துப் பேசியபோதும், உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டபோதும், அச்சம் இரு பக்கத்தையும் தொட்டது. அப்போதும் அவரவர் சங்கம் அவரவருக்கு என்றே இருந்தது. மும்பைத் தமிழர் வரலாற்றில் தவறவிட்ட வாய்ப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு உலகத்துக்கும் இடையில் கதவு திறந்துவைத்த இடங்களில் ஒன்று சயானில் உள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கம். அதன் பலம் நூலகம். 1972இல் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காகப் பம்பாய் வந்த ஓர் இளைஞர் தனிமையைப் போக்க அங்கே புத்தகம் எடுக்கப் போனார். எடுத்துப் படித்தவரைச் சங்கம் விட்டுவிடவில்லை. தான் நடத்திய ‘ஏடு’ என்ற இதழுக்கு எழுத வைத்தது, இதழ் வேலைகளிலும் சேர்த்துக்கொண்டது. 1975இல் ‘தீபம்’ இதழில் அவருடைய முதல் சிறுகதை ‘விரதம்’ வந்தது; 1977இல் முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’. அவர்தான் நாஞ்சில் நாடன். புத்தகத்துக்காக வந்தவருக்கு ஒரு வேலையைக் கொடுத்ததுதான் அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம். வேலை கிடைத்தவர் அடுத்த ஞாயிறும் வருவார். நாற்காலி மட்டும் கிடைத்தவர் இரண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டு நின்றுவிடுவார்.

வேலை கொடுத்து ஆளைச் சேர்க்கும் இந்தக் கலையில் மும்பை கண்ட பெரிய ஆசான் செம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963இல், இருபது வயதுகூட ஆகாதவராக, பம்பாய் வந்து மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் ஒதுங்கினார். தச்சு வேலை தெரியும், வீடு இல்லை. நகராட்சியே ஏழைகளைக் கொண்டுவந்து குடிவைத்த அந்தக் காலனியில் குப்பை அள்ள ஆள் வருவதில்லை. அற்புதம் பெரியவர்களைக் கூட்டிப் பேசவில்லை. தெருவில் திரிந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு பாடினார், விளையாடினார், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒருநாள் சுற்றுலா என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைக் கையில் கொடுத்து, நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போய் வாசலில் கொட்ட வைத்தார். போலீஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், காலனிக்குக் குப்பை வண்டியும் வந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சங்கம் நடத்த நினைக்கும் எவரும் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பிரச்சினை எல்லார் வீட்டு மூக்கிலும் ஏறியது. விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்ட பங்களிப்பு ஒரு கிலோ. குழந்தையால் சுமக்க முடிந்தது. பலன் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தைகள் முதல் உறுப்பினர்கள்; குழந்தையைத் தேடி வந்த தாய்மார்கள் இரண்டாவது உறுப்பினர்கள். ஆண்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காகக் காலனியைக் காலி செய்யச் சொன்னபோது, நீதிமன்றத்துக்கும் டெல்லிக்கும் போய் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அந்த மக்கள் ஓர் அமைப்பாகிவிட்டிருந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். காலனி போனது, அமைப்பு போகவில்லை. 1970களின் நடுவில் அற்புதம் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அந்த இடிபாட்டைத் தாண்டியும் நின்றது.

1985இல் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமயம், ஷீலா பட்டேல் முதலானோர் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் நிறுவனம் பைகுல்லா பக்கத்து நடைபாதைப் பெண்களிடையே வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களின் மகிளா மிலன் அமைப்பும் அற்புதத்தின் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் கைகோத்தன. மகிளா மிலனில் சேரக் கட்டணம் இல்லை, கூட்டத்துக்கு வா என்ற அழைப்பும் இல்லை. தெருப் பெண் ஒருத்தி தினமும் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்குவாள். ஒரு ரூபாய் இருந்தால் ஒரு ரூபாய். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று நின்று கேட்பாள். வீட்டுக்காரன் வேலைக்குப் போகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த நிலைப்படியிலேயே பேச்சு நடக்கும். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கணக்கு வைக்க, தொகைக்கு ஒரு நிறமாக வண்ணத் தாள் துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பையைப் பார்த்தால் யார் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று எந்தப் பெண்ணும் சொல்லிவிடலாம். மும்பையில் தொடங்கிய இந்த முறை தென்னாப்பிரிக்கா வரை போனது. 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகள் சேர்ந்து ஓர் உலக அமைப்பை உருவாக்கினார்கள். அற்புதம் அதன் தலைவராக இருந்தார். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

தாராவியிலும் இதற்குச் சற்று முந்தைய உதாரணம் ஒன்று உண்டு. 1960களில் காங்கிரஸ்காரரும் சமூகத் தொண்டருமான எம்.வி. துரைசாமி முன்னின்று தாராவி கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தை உருவாக்கினார். டாக்டர் பாலிகா நகர் என்ற பெயரில் 338 வீடுகளும் 97 கடைகளும் அதனால் வந்தன. குடிசையில் இருப்பவரிடம் இன்னும் எழும்பாத கட்டடத்துக்குப் பங்குத் தொகை கேட்க வேண்டும். எந்தப் பத்திரமும் அதற்குப் போதாது. கேட்கிறவரைப் பத்து வருஷமாகத் தெருவில் பார்த்திருக்க வேண்டும், தன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வந்திருக்க வேண்டும். முதல் சிலர் ஆளை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் அந்த முதல் சிலரை நம்புகிறார்கள்.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம்.

இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேரைச் சேர்க்கலாம். ஒரு ஞாயிறு மதியத்தில் மும்பைத் தமிழர் ஐந்நூறு பேரைச் சேர்த்துக் குழு தொடங்கிவிட முடியும். சேர்க்கப்படுபவரின் சம்மதம்கூடப் பல நேரங்களில் கேட்கப்படுவதில்லை. காலை வணக்கப் படங்கள், தலைவர் பிறந்தநாள், இரங்கல், மறுபடி காலை வணக்கம். சத்தத்தை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். வெளியேறினால் வருத்தப்படுவார்களே என்று உள்ளேயே இருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் நீளமாக இருக்கிறது. கூட்டத்துக்கு அரங்கு எடுத்தால் முன்வரிசை நிரம்புவதில்லை. அன்று ஆளைச் சேர்ப்பது கடினம், சேர்ந்தவர் இருப்பார். இன்று சேர்ப்பது ஒரு விரல் வேலை, இருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய தேவைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்ததும் இதற்குக் காரணம். கடிதம் படிக்க ஆள் வேண்டாம்; அம்மாவின் முகத்தையே கைப்பேசியில் பார்க்கலாம். மணியார்டர் பாரம் போய்விட்டது. பத்திரிகைக்குப் படிப்பகம் போக வேண்டியதில்லை. கொடை வரியை நொடியில் ஊருக்கு அனுப்பிவிடலாம். மாட்டுங்கா மெஸ் வாசலில் ஞாயிறு காலை நிற்கும் வரிசையில் குஜராத்திகளும் மராத்தியரும் வெளியூர்ப் பயணிகளும்தான் அதிகம். நல்லதுதான், ஆனால் இலைக்கு இலை நகர்ந்த சேதி அங்கே இல்லை. குடும்பங்களும் சிதறிவிட்டன. தாராவியில் பிறந்தவர் கல்யாணில் வீடு வாங்குகிறார். மாட்டுங்காவின் பிள்ளைகள் நவி மும்பைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இங்கேயே பிறந்த தலைமுறை வீட்டில் தமிழ் பேசுகிறது, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகிறது, தமிழ் எழுத்தைப் பலருக்குப் படிக்கத் தெரியாது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. அந்தத் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படிப் படிக்காமல் வளர்ந்த ஓர் இளைஞரைச் சிலப்பதிகாரச் சொற்பொழிவுக்கு அழைத்து, வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. அவர் வருவதற்கான காரணத்தை நாம்தான் முதலில் ஏற்படுத்தித் தர வேண்டும்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானபோது பழைய காலம் சில மாதங்களுக்குத் திரும்பி வந்தது. அரிசி, மருந்து, ஊருக்குப் போக இ-பாஸ், இறந்தவரின் அடக்கம். தூங்கிக் கிடந்த குழுக்கள் விழித்துக்கொண்டன. முன்பின் பார்த்திராத இளைஞர்கள் இருசக்கர வாகனத்தில் மூட்டை சுமந்தார்கள். கையில் ஒரு வேலை இருந்தபோது ஆட்கள் தாமாகவே வந்தார்கள். ஊரடங்கு முடிந்தது, பாராட்டு விழாக்கள் நடந்தன, சால்வைகள் போர்த்தப்பட்டன. அந்த இளைஞர்களுக்கு அடுத்த வேலை என்ன என்று பெரும்பாலான சங்கங்கள் யோசிக்கவில்லை. அதனால் அவர்கள் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் மாறவில்லை. மகிளா மிலன் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. நம் தமிழ் அமைப்புகளின் மேடைகளைப் பாருங்கள். குத்துவிளக்கு ஏற்றவும் வரவேற்புப் பாடல் பாடவும் பெண்கள், மற்ற நாற்காலிகளில் ஆண்கள். மும்பையில் மிக நீண்ட காலம் நின்ற அமைப்புகளில் ஒன்றைப் படிக்காத பெண்கள் கட்டினார்கள் என்பது தெரிந்த பிறகும் இப்படி இருப்பது சரியில்லை.

புதிய தேவை எதுவும் இல்லையா என்று கேட்டால், தாராவிக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளோடு. ஆக, கால் நூற்றாண்டுக்கு முன் இங்கே இருந்தேன் என்பதை ஒரு மனிதர் தாளில் காட்ட வேண்டும். அந்தத் தாள்கள் எப்படி இருக்கின்றன? ஊரில் அவர் சு. முருகன். ரேஷன் கார்டு எழுதியவர் அதை மராத்தி வழக்கப்படி முருகன் சுடலைமுத்து என்று ஆக்கியிருப்பார். மின்கட்டண ரசீதில் முருகன் என்ற பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் குடும்பப் பெயராக ஒட்டியிருக்கும். வாக்காளர் பட்டியலில் சுடலை மட்டும் இருக்கும், முருகன் இருக்காது. நாலு பெயரும் ஒரே மனிதருடையவைதான் என்று நிரூபிக்க அவருக்கு மராத்தியும் இங்கிலீஷும் தெரிந்த ஒருவர், ஒரு பிரமாணப் பத்திரம், இரண்டு மூன்று நாள் விடுப்பு வேண்டும்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் இருப்பவர் மகாராஷ்டிரத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை கூடவே வருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. 1950 ஆகஸ்ட் 10க்கு முன் தன் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததைக் காட்டுமாறு கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் கேட்கிறார்கள். பாட்டனின் தோல் ஷாப்புச் சீட்டையோ பள்ளிப் பதிவேட்டையோ தேடி அந்தக் குடும்பம் அலைகிறது. 1924இல் தொடங்கிய அந்தத் தமிழ்ப் பள்ளி போன்றவற்றின் பழைய பதிவேடுகள் இன்று இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு தேவை ஒரு சந்தில் நிற்கும்போது, உறுப்பினர் கிடைக்கவில்லை என்று எந்த மும்பைத் தமிழ் அமைப்பும் சொல்லக் கூடாது. சிறப்பு விருந்தினரை விமானத்தில் அழைத்து வரும் செலவில் ஒரு நகல் இயந்திரமும் ஒரு மேசையும் வாங்கலாம். ஞாயிறு காலை 90 அடி சாலையில் அந்த மேசையைப் போட்டு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவரின் காகிதம் சரியாகும்வரை அவர் மூன்று நாலு முறை வருவார். அடுத்தவர் காகிதத்தை அடுக்கிக் கொடுப்பார். அதற்குள் அவர் உறுப்பினர். படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். புத்தக அறிமுகமும் பட்டிமன்றமும் தமிழ் வகுப்பும் அந்த மேசையைச் சுற்றிப் பிறகு வரட்டும். அவற்றைக் கேட்க ஆள் இருப்பார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வங்கி, ரயில்வே, மாநகராட்சி, நீதிமன்றம் என்று முப்பது நாற்பது வருஷம் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு பேர், நேரம் ஏராளம். அவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன். உங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியும், அதிகாரிக்கு மனு எழுதத் தெரியும், எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று தெரியும். தாராவியில் அது தெரியாமல் வீட்டை இழக்கும் நிலையில் குடும்பங்கள் இருக்கின்றன. மாட்டுங்காவிலிருந்து அடுத்த ஸ்டேஷன் சயான்; இறங்கி நடந்தால் தாராவி. செம்பூரிலிருந்து பஸ் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், ஒரு பேனாவோடு வாருங்கள்.